முட்டைப்பையைத் தொடாமல் விட்டேன்: சொகோத்ரா நீலச் சிலந்தி வளர்த்த பதிவு

டரான்டுலா என்ற பெரிய, முடி அடர்ந்த சிலந்தியை இனம்பெருக்குபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். தாய் முட்டைப்பை கட்டி ஏறக்குறைய 30 நாள் ஆனதும், நீள இடுக்கியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுமாக உட்கார்ந்து அந்தப் பையை அவளிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு கத்தரியால் மெதுவாகத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு துணித்தொட்டிலில் போட்டு, ஈரமும் சூடும் சீராக இருக்கும் பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள். விட்டுவைத்தால் தாயே பையைத் தின்றுவிடலாம் என்ற பயம்தான் காரணம். பல இனங்களுக்கு அது சரியான வழி. வேறு இரண்டு இனங்களில் நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இந்தப் பதிவு, அப்படி எடுக்காமல் விட்ட ஒரு பையைப் பற்றியது. தாயையும் குஞ்சுகளையும் ஒரே பெட்டியில், ஒரே வலையில், பல மாதம் வைத்திருந்தேன். முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை நடந்தது. இரண்டையும் எழுதுகிறேன். முதல் தடவை என்ன தவறு செய்தேன் என்பது தெரிந்தால், இதைச் செய்ய நினைப்பவருக்கு ஒரு முட்டைப்பையாவது மிஞ்சும்.

சிலந்தியின் பெயர் மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபோரி. ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் மட்டும் வாழ்வது. சிவப்புப் பிசின் வடியும் குடை வடிவ மரங்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே தீவுதான். 1880இல் அங்கே ஆய்வுக்குப் போன ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபோரின் பெயரை 1897இல் இந்தச் சிலந்திக்கு வைத்தவர் ரெஜினால்டு போகாக். கால்களும் முதுகின் ஓடும் நீலம், வயிறு வெளுத்த மணல் நிறம். வளர்ந்த பெண்ணின் கால்விரிப்பு ஒரு பெரிய ஆளின் உள்ளங்கையை நிரப்பிவிடும். என் மகள் இவளுக்கு நீலா என்று பெயர் வைத்தாள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது லண்டனுக்குத் தெற்கே, கிராய்டனில். பிரிட்டனில் டரான்டுலா வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நீலாவும் சரி, என்னிடம் இருக்கும் மற்றவையும் சரி, வளர்ப்பில் பிறந்தவை. காட்டில் பிடித்த சிலந்தியை வாங்காதீர்கள். ராமேஸ்வரம் தீவில் ஒரு கோயிலின் பெயரையே தாங்கிய பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்ற சிலந்தி இருக்கிறது. 2004இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. இன்று அது அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் இருக்கிறது. பொசிலோதீரியாப் பேரினம் முழுவதையும் 2019இல், அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். புளியமரப் பொந்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால் நின்று பாருங்கள், எடுக்காதீர்கள். அந்த இனங்களிலும் ஒரே பொந்தில் தாயும் வளரும் குஞ்சுகளும் சேர்ந்திருப்பது உண்டு.

பெட்டி

30 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டி. முன்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே 18 சென்டிமீட்டருக்கு மண். நீலா வளை தோண்டுகிறவள், வலையும் அள்ளிக் கட்டுகிறவள், அதனால் மண்ணின் ஆழத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. உரம் கலக்காத தோட்ட மண் மூன்று பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நார்த்தூள் இங்கே செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாகக் கிடைக்கும். நான் வாங்கிய கட்டியின் உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று இருந்தது. வாளித் தண்ணீரில் அது ஊறிப் பெருகும்போது எழும் வாசம், ஊரில் மழை விட்ட தென்னந்தோப்பின் வாசமேதான்.

கலவையை லேசாக ஈரமாக்கி, அடுக்கடுக்காகக் கையால் அடித்து இறுக்க வேண்டும். பொலபொலவென்று விட்டால் வளை சரிந்துவிடும். கார்க் மரப்பட்டை ஒன்றை முன்கண்ணாடியை ஒட்டிச் சாய்வாகப் புதைத்தேன். பட்டையை ஒட்டி அவள் தோண்டினால் வளையின் ஒரு பக்கச் சுவர் கண்ணாடியாக அமையும் என்பது கணக்கு. அப்படியே அமைந்தது. வெளியிலிருந்து கண்ணாடிமேல் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, அதை மேலே தூக்கிப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பார்ப்பதற்குச் சிவப்பு விளக்கு. சிவப்பு வெளிச்சம் சிலந்திக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

சூட்டுப் பாயைப் பெட்டிக்கு அடியில் வைக்கவே கூடாது. வெப்பம் அதிகமானால் வளைச் சிலந்தி கீழே தோண்டிப் போய்த் தப்பப் பார்க்கும். கீழேதான் சூடு என்றால் அது வெந்துவிடும். நான் பக்கவாட்டில் ஒட்டி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் 26 டிகிரிக்கு வைத்தேன். ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயை அடிமண்வரை இறக்கிவிட்டேன். அது எதற்கென்று அடுத்துச் சொல்கிறேன்.

கைவிட்டுப் போன முதல் பை

முதல் வருடம் நீலா முட்டைப்பை கட்டியதும் நான் செய்தது இது. தினமும் காலையில் தண்ணீர் தெளித்தேன். மழைக்காட்டுச் சிலந்திகளை வளர்த்த பழக்கம், முட்டை என்றால் ஈரம் வேண்டும் என்று கை தானாகத் தெளிப்பானைத் தேடியது. அப்புறம், தினமும் இரண்டு தடவை கறுப்புக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் கைப்பேசியின் வெள்ளை விளக்கில். படம் எடுக்க.

சொகோத்ரா வறண்ட தீவு. தெளித்த தண்ணீர் நேரே அவள் வலைமேல் விழுந்தது. ஒரு வாரத்தில் வலையின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அவள் தப்பிக்க இடம் தேடியிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. 19ஆம் நாள் பை இல்லை. நீர்க்கிண்ணத்துக்குப் பக்கத்தில் மென்று துப்பிய ஒரு சாம்பல் உருண்டை மட்டும் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே கெட்டியான மஞ்சள் பசை.

அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தேறாது என்று தெரிந்த முட்டையைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வது சிலந்திக்கு நஷ்டத்தைக் குறைக்கும் வழி. அந்த நிலைக்கு அவளைத் தள்ளியது என் ஈரமும் என் வெளிச்சமும்தான்.

அடுத்த முறைக்கு மூன்றே மாற்றம் செய்தேன். மேல்மண் எப்போதும் காய்ந்திருக்கும். உறிஞ்சுகுழாய் வழியாக 10 நாளுக்கு ஒரு தடவை அடிமண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர். அவளுக்கு ஈரம் வேண்டுமானால் கீழே போவாள், வேண்டாமென்றால் மேலே வருவாள். காகிதத்தைத் தூக்குவது வாரம் ஒரு முறை, சிவப்பு விளக்கில், ஒரு நிமிடம். பெட்டி இருந்த அலமாரியையும் கதவு படார் என்று சாத்தும் சுவரிலிருந்து தள்ளி, அசையாத உள்சுவருக்கு மாற்றினேன்.

ஆண் வந்தது

ஆண் சிலந்தி பர்மிங்காமில் இருக்கும் ஒரு நண்பருடையது. இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வழக்கம் உண்டு: ஆணைக் கடனாகக் கொடுப்பவருக்குப் பிறக்கும் குஞ்சுகளில் பாதி. பணம் கைமாறாது. அவர் ரயிலில், கைப்பையில் ஒரு டப்பாவோடு வந்து இறங்கினார்.

ஆண் தயாரா என்று முதலில் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்த ஆணின் முகத்தருகே உள்ள இரு சிறுகைகளின் நுனி, தீக்குச்சித் தலை மாதிரி உருண்டிருக்கும். கடைசிச் சட்டையை உரித்த பிறகு அவன் ஒரு சிறு வலை பின்னி, அதில் விந்தைச் சொட்டி, அந்த நுனியால் உறிஞ்சி நிரப்பிக்கொள்வான். அந்த வலையைக் கட்டி முடித்தவனா என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன். நண்பர் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்.

இரண்டு வாரம் நீலாவுக்கு வயிறு நிறைய இரை. பிறகு, ஆணின் டப்பாவை மூடியோடு அவள் பெட்டிக்குள் 4 நாள் வைத்தேன். வாசனையும் அதிர்வும் ஒன்றுக்கொன்று பழகட்டும் என்று. அக்டோபர் நடுவில் ஒரு இரவு மூடியைத் திறந்தேன். அவன் வலையில் காலை வைத்ததும் நின்றான். சிறுகைகளால் வேகமாகத் தட்டினான், ஒரு விநாடி நிறுத்தம், மறுபடி தட்டல். மூன்றாவது தட்டலுக்கு வளைக்குள்ளிருந்து பதில் வந்தது. நிஜமாகவே காதில் விழுந்தது. மேசைமேல் விரல்நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் வாசலுக்கு வந்து முன்னுடலைத் தூக்கினாள். அதற்கப்புறம் ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, முடிந்தது.

மற்ற இனங்களில் இந்த இடத்தில் ஆணைக் காப்பாற்ற இடுக்கியோடு காத்திருப்போம். இவர்களிடம் அந்தப் பதற்றம் தேவைப்படவில்லை. மூன்று வாரம் அதே பெட்டியில், அவள் வலையின் ஓரத்திலேயே அவன் தங்கினான். ஒரு இரவு அவன் இரை தின்னும்போது அவள் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிறகு அவனை நண்பரிடம் சேர்த்தேன்.

டிசம்பர் கடைசியில் வளையின் வாசலை அவள் வலையால் அடைத்தாள். இரையை வாங்கவில்லை. ஜனவரி 6ஆம் தேதி வாரப் பார்வையில் பை தெரிந்தது. வெள்ளை, ஒரு சின்ன எலுமிச்சை அளவு, அதன்மேல் அவள் கால்கள் எட்டும் கூரை போல.

நண்பரிடம் சொன்னேன், எடுக்கப் போவதில்லை என்று. அவர் பாதிக்குச் சொந்தக்காரர், கேட்காமல் செய்ய முடியாது. அவர் தயங்கினார். ஒரு தடவை தின்றவள் மறுபடி தின்பாள் என்பது அவர் வாதம். முதல் தடவை நடந்ததை நான் முழுக்கச் சொன்னேன், ஈரம், விளக்கு, எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, உங்க இஷ்டம். ஆனா குஞ்சு மூணு தடவை சட்டை உரிச்ச பிறகு என் பங்கைக் குடுத்துடணும்” என்றார்.

ஜனவரியும் பிப்ரவரியும் எழுத ஒன்றுமில்லாத மாதங்கள். நான் செய்ததெல்லாம் குழாயில் தண்ணீர் விட்டதும், வாரம் ஒரு நிமிடம் பார்த்ததும்தான். பைக்குள் முட்டைக்கு முதலில் கால் முளைக்கும். அசைய முடியாத, வெளிறிய, கால் வைத்த முட்டை. பிறகு ஒவ்வொரு சட்டையாக உரித்து உருவம் திரளும். நடக்கிற குஞ்சாக ஆனபிறகே வெளியே வரும். அதெல்லாம் தெரிந்தும் காத்திருப்பது கடினம்தான்.

மார்ச் 2

55ஆம் நாள். காகிதத்தைத் தூக்கினேன், பை ஒரு காலுறையைக் கழற்றிப் போட்ட மாதிரி சுருங்கிக் கிடந்தது. வளைச் சுவர் முழுக்கப் புள்ளிகள். மகளைக் கூப்பிட்டேன். அவள் மூக்கைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு எண்ணினாள்.

“முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணிட்டேன்பா. அப்புறம் எல்லாம் நகர்ந்துடுச்சு.”

நீலா நடுவில் இருந்தாள். அவள்மேல் ஒன்று, பின்னங்காலில் இரண்டு. குஞ்சுகளிடம் நீலம் கிடையாது. கால்விரிப்பு ஒரு சென்டிமீட்டர், உடம்பு வெளிர் பழுப்பு. நீலம் ஏறப் பல சட்டை போக வேண்டும்.

மூன்றாம் நாள் மனைவியின் குரல். “என்னங்க, அலமாரியில சின்னதா ஒண்ணு ஓடுது.” ஒன்றில்லை, மூன்று. பெட்டியின் காற்றுத் துளைகளை எல்லாம் நுண்ணிய எஃகு வலையால் மூடியிருந்தேன். ஆனால் இரண்டு கதவுகளும் சந்திக்கும் இடத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. பெரிய சிலந்தியை மட்டும் நினைத்து வாங்கிய பெட்டி. இரண்டு குஞ்சுகளை மெல்லிய ஓவியத் தூரிகையால் குப்பிக்குள் தள்ளிப் பிடித்தேன். மூன்றாவதை ஒரு வாரம் கழித்து, ஒரு புத்தகத்தின் பின்னால், காய்ந்து சுருண்ட நிலையில் கண்டெடுத்தேன். அந்தச் சாவு முழுக்க என் கணக்கு. ஜன்னல் இடுக்கை அடைக்க விற்கும் நுரைப்பட்டையை இடைவெளியில் ஒட்டினேன். குஞ்சு பொரிக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. உங்கள் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால், குஞ்சும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த இரண்டையும் திருப்பி உள்ளே விடவில்லை. தனித்தனிக் குப்பியில், அதே மண்ணில், அதே சூட்டில் வளர்த்தேன். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவியது.

பந்தி

மார்ச் 9, இரவு எட்டரை. குஞ்சு வந்த பிறகு நீலாவுக்கு முதல் இரை. 2 சென்டிமீட்டர் துருக்கிஸ்தான் கரப்பான் ஒன்றை இடுக்கியால் வாசலில் விட்டேன். அவள் வந்த வேகத்தில் கரப்பான் நகரவே இல்லை. வழக்கமாக வாசலிலேயே உட்கார்ந்து தின்பவள், அன்றைக்கு அதை வாயில் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்து வளைக்குள் இறங்கினாள்.

நான் காகிதத்தைத் தூக்கி, சிவப்பு விளக்கில், நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாரம் ஒரு நிமிடம் என்ற விதியை அன்று தளர்த்தினேன்.

முதல் 10 நிமிடம் அவள் மட்டும் மென்றாள். சிலந்திக்கு வயிற்றில் செரிப்பது பாதிதான். செரிநீரை இரைமேல் விட்டு, வெளியிலேயே கூழாக்கி உறிஞ்சும். கரப்பான் உருக்குலைந்து ஈரமான உருண்டையாக ஆகத் தொடங்கியபோது முதல் குஞ்சு வந்தது. நேராக வரவில்லை. அவள் முன்காலுக்கு அருகில் நின்று, தன் முன்னங்கால்களால் அந்தக் காலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. நீலா காலை ஒரு நூலளவு தூக்கினாள். குஞ்சு அதற்கடியில் புகுந்து உருண்டையில் வாய் வைத்தது. அவளுடைய விஷப்பற்கள் அதன் தலைக்கு மேலே, அரை சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தன.

பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு. 40 நிமிடத்தில் 14 எண்ணினேன். தலை எல்லாம் உள்பக்கம், வயிறெல்லாம் வெளிப்பக்கம், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி. ஒன்று இடம் கிடைக்காமல் அவள் முகத்தின்மேல் ஏறி, அங்கிருந்து தலைகீழாகத் தொங்கிக் குடித்தது. அவள் பற்களை அசைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனபோது உருண்டையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, பற்களைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். குஞ்சுகள் விடவில்லை.

ஒவ்வொரு இரவும் இப்படி நடக்கவில்லை. நான் பார்த்த 11 இரவுகளில் 6இல் நடந்தது. மீதி நாட்களில் அவள் தனியாகத் தின்றாள், குஞ்சுகள் எட்டியே இருந்தன. ஆனால் ஒரு தடவைகூட ஒரு குஞ்சை அவள் இரையாக நினைத்துப் பாயவில்லை. சுவர்க்கோழி வலையில் கால் வைத்தால் மின்னலாக வருகிறவள், 40 குஞ்சுகள் ஓடும் அதே வலையில் அசையாமல் இருந்தாள். காலடியின் அதிர்வை வைத்துப் பிரித்தறிகிறாள் என்று நினைக்கிறேன்.

நான் செய்ய வேண்டியிருந்தது, இரையின் அளவைக் கூட்டுவது. வாரம் ஒன்று வாங்கியவளுக்கு வாரம் மூன்று. கூடவே பறக்காத பழ ஈக்களை வலைமேல் தூவினேன். ஏப்ரலிலிருந்து குஞ்சுகளே சேர்ந்து வேட்டையாடின: தலையை நசுக்கிய சிறு சுவர்க்கோழி ஒன்றை வாசலில் வைத்தால், ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். தின்று போட்ட சக்கையை மறுநாளே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் வெள்ளைச் சிற்றுண்ணிகள் மொய்க்கும். இத்தனை பேர் வாழும் வலையை அவ்வளவு சுலபத்தில் மாற்றிக் கட்ட முடியாது.

பிரித்தது

ஜூலையில் நண்பரின் பங்குக்கு நேரம் வந்தது. மண்ணைக் கொட்டிப் பிரித்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அந்த வலை ஒரு வருட உழைப்பு, அதைச் சிதைக்க மனம் வரவில்லை. வேறு வழி: இருட்டியதும் வாசலில் இரை வைப்பது, வெளியே வரும் குஞ்சைத் தூரிகையால் குப்பிக்குள் தள்ளுவது. ஒரு இரவுக்கு இரண்டு, மூன்று. அதற்குமேல் போனால் எல்லாம் உள்ளே ஓடிவிடும். 9 இரவில் 22 பிடித்தேன். அவை அவருக்கு. உள்ளே இருபதுக்கு மேல் மிஞ்சின.

தனியாக வளர்த்த இரண்டையும் அப்போது ஒப்பிட்டேன். குப்பிக் குஞ்சுகளின் கால்விரிப்பு 2 சென்டிமீட்டர். தாயோடு இருந்தவற்றில் பெரியவை 3ஐத் தாண்டியிருந்தன, சிறியவை குப்பிக் குஞ்சுகளின் அளவே. இரண்டை வைத்து முடிவு சொல்ல முடியாது, உண்மைதான். குணத்தில்தான் எனக்கு வித்தியாசம் கண்ணில் பட்டது: குப்பியில் இருந்தவை மூடியைத் தொட்டாலே மண்ணுக்குள் மறைந்தன, வாரத்தில் பாதி இரையை விட்டுவைத்தன. பெட்டியில் இருந்தவை வாசலுக்கே வந்து காத்திருந்தன.

கூட்டாக வைக்க நினைப்பவருக்கு ஒன்று: ஒரே பையில் பிறந்தவற்றை, பிறந்ததிலிருந்து பிரிக்காமல் வையுங்கள். வேறு வேறு இடத்தில் வாங்கியவற்றைப் பின்னால் ஒரே பெட்டியில் சேர்ப்பதை நான் செய்ய மாட்டேன். வேறு இனங்களிலும் இதைப் பார்க்கலாமே என்று முயல வேண்டாம். பெரும்பாலான டரான்டுலாக்களிடம் இது கொலையில் முடியும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க டரான்டுலாக்கள் பலவற்றுக்கு உதைத்து வீசும் அரிப்பு முடி உண்டு. இவளுக்கு அது இல்லை. அதனால் தற்காப்புக்கு வேகமும் கடியும்தான். கடித்தால் கடும் வலி, தசைப்பிடிப்பு. டரான்டுலாக் கடிக்கென்று தனி விஷமுறிவு மருந்து கிடையாது. நான் அவளைக் கையில் எடுத்ததே இல்லை, எடுக்கவும் மாட்டேன். 30 சென்டிமீட்டர் இடுக்கி, பெட்டிக்குப் பூட்டு, சாவி என் சட்டைப் பையில். மகள் கண்ணாடிக்கு வெளியே.

ஆகஸ்ட்

ஆகஸ்ட் தொடக்கத்தில் நீலா இரையை மறுத்தாள். இரண்டு வாரம் ஆனது. வளையின் அடியில், கண்ணாடியை ஒட்டி, வெள்ளைத் துணி விரித்த மாதிரி கெட்டியாக வலை பின்னினாள். சட்டை உரிக்கப் போகிறாள் என்று புரிந்தது.

டரான்டுலா மல்லாந்து படுத்துச் சட்டை உரிக்கும். அந்த நேரத்தில் ஒரு சுவர்க்கோழிகூட அதைக் கடித்துக் கொன்றுவிடும். உரித்து முடித்த பிறகும் பற்கள் பல நாள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும், எதையும் குத்த முடியாது. அவளைச் சுற்றியோ இருபதுக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள். அவள் மறுத்ததால் அவர்களுக்கும் பங்கு கிடைக்காத இரண்டு வாரம். பெட்டியில் மிச்சமிருந்த இரையை எல்லாம் எடுத்தேன், ஆனால் குஞ்சுகளுக்கென்று வாசலில் நசுக்கிய சுவர்க்கோழிகளை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வைத்தேன். பசியோடு அவர்கள் அவளிடம் போகக் கூடாது.

17ஆம் தேதி இரவு பத்து மணிக்கு அவள் மல்லாந்தாள். குஞ்சுகள் வலைப் படுக்கையின் ஓரத்தில் இருந்தன. பதினொன்றரைக்கு ஒன்று மட்டும் படுக்கைமேல் ஏறி, அவள் மடங்கிய காலைத் தொட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. நான் இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தும் என்ன செய்ய முடியும், நடுவில் கையை விட்டால் நானே அவளைக் கிழித்துவிடுவேன். குஞ்சு திரும்பி ஓரத்துக்கே போனது. ஒன்றேகாலுக்கு முதுகின் ஓடு மூடி மாதிரி திறந்தது. கால்கள் ஒவ்வொன்றாக, கையுறையிலிருந்து விரல் உருவுகிற மாதிரி வந்தன. நாலு மணிக்கு நான் தூங்கப் போனேன்.

காலையில் அவள் நிமிர்ந்து நின்றாள். அப்படி ஒரு நீலத்தை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை. பழைய சட்டை பக்கத்தில் கிடந்தது, அதற்குள் நாலைந்து குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருந்தன.

12 நாள் கழித்து முதல் கரப்பானை வாங்கினாள். உள்ளே எடுத்துப் போனாள். அன்றும் அவர்கள் வந்தார்கள். இப்போது சிலருடைய காலில் லேசாக நீலம் தெரிகிறது.

அந்தச் சட்டையை உரித்த மறுநாளே எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்துப் பார்த்தேன். விந்தைச் சேர்த்து வைக்கும் பையின் உள்தோலும் சட்டையோடு கழன்று வந்துவிடும். அதனால் பழைய சேர்க்கையை வைத்து இனி அவள் முட்டையிட முடியாது, புதிதாக ஆண் வேண்டும். நண்பருக்கு அன்று மாலையே எழுதிக் கேட்டேன். அவருடைய ஆண் ஜூனிலேயே வயதாகி இறந்துவிட்டான். நான் கொடுத்த 22இல் ஆண்கள் வளர்ந்தாலும் நீலாவோடு சேர்க்க முடியாது, அவள் பிள்ளைகள். வேறு வம்சத்து ஆண் ஒன்று லீட்ஸில் இருப்பதாகச் சொன்னார். இன்னும் ஒரு சட்டை பாக்கியாம்.